மொரீஷியஸில் மோக்காவிலிருந்து கியூர்பிப்புக்கு வந்த வீடு: போய்ப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

கடைக்காரர் மகள்:
அப்பா கடைக்கு வரி கட்டப் போனபோதுதான் முதன்முதலில் கியூர்பிப் நகராட்சிக் கட்டடமான ஒட்டேல் தெ வீலுக்குள் நுழைந்தேன். நகராட்சி ஆபீஸ் என்றால் சிமெண்டுத் தரை, கம்பி போட்ட கவுண்ட்டர் என்று நினைத்திருந்தேன். இங்கே மரத்தரை. பெரிய மனிதர் வீட்டுக் கூடத்தில் செருப்போடு நிற்பது போலக் கூச்சமாக இருந்தது. அப்பாவும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

அது உண்மையிலேயே வீடுதான். மோக்காவில் மால்மேசோன் என்ற பெயரில் இருந்ததைப் பிரித்துக் கொண்டுவந்து, 1900-களின் தொடக்கத்தில் இங்கே மறுபடி கட்டினார்கள். 1860-களில் கடலோரத் தலைநகர் போர்ட் லூயிஸில் மலேரியா ஆட்களை வாரிக்கொண்டு போனது. வசதி உள்ளவர்கள் கியூர்பிப் இருக்கும் குளிர்ந்த மேட்டுக்கு ஏறினார்கள், ஊர் பெருத்தது. மரவீடு என்பதால் பிரித்துச் சேர்க்க முடிந்தது. பக்கத்து கார்னகி நூலகம் கல் கட்டடம், அதை அப்படித் தூக்கி வர யார் துணிவார்?

தச்சர்:
ஒட்டேல் தெ வீலில் நான் கை வைத்ததில்லை. ஆபீஸாக மாறிய வேறொரு பழைய வீட்டில் வேலை பார்த்திருக்கிறேன். கியூர்பிப் மழைதான் தெரியுமே, கதவு ஊதி நிலையில் சிக்கிக்கொள்ளும். "சீவிவிடுங்க" என்று அவசரப்படுத்துவார்கள். சீவினால் அக்டோபரில் மரம் காய்ந்ததும் விரல் நுழைகிற இடுக்கு விழும். நான் முதலில் கீலைத்தான் பார்ப்பேன்.

அதைவிடத் தொல்லை ஃபைல். சாப்பாட்டு மேசை கிடந்த அறையில் இரும்பு அலமாரிகளை வரிசையாக நிறுத்தினால் உத்தரம் என்ன செய்யும்? ஒரு மூலையில் தரை இறங்கியே போயிருந்தது. அலமாரிகளைச் சுவரோரம் நகர்த்தி, அடியில் முட்டுக் கொடுத்தோம். அப்புறம் வராங் என்கிற முன் தாழ்வாரத்தைப் பலகை வைத்து அடைத்து அறையாக்குகிறார்கள் பாருங்கள், அது எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. வெயிலும் சாரலும் சுவரில் படாமல் காப்பதே அந்தத் தாழ்வாரம்தான். அதை மூடினால் உள்ளே காற்றோட்டம் போய், மரத்தில் பூசணம் பிடிக்கும்.

போ பஸ்ஸன் ஊர்க்காரர்:
ஒட்டேல் தெ வீல் பல வருஷம் மூடிக் கிடந்து, பழுதுபார்த்துத் திறந்த பிறகு நானும் போனேன். நன்றாகவே செய்திருக்கிறார்கள். தச்சண்ணே, ஒரு சந்தேகம். இவ்வளவு பெரிய வீட்டைப் பிரித்தால் எந்த மரச்சட்டம் எங்கே சேரும் என்று எப்படித் தெரியும்?

தச்சர்:
அன்றைக்கு அவர்கள் செய்ததை நான் பார்க்கவில்லை தம்பி. எங்கள் வழக்கம், பொருத்துகிற இரண்டு மரத்திலும் ஒரே குறியை உளியால் வெட்டிவிடுவது. சாக்கட்டியால் எழுதினால் முதல் மழையிலேயே போய்விடும்.