அதிமதுரத்தை நிறுத்தியாச்சு, இருமல் நிற்கலையே?

எல்லாருக்கும் வணக்கம். அம்மாவுக்கு வயசு 63. பிரஷருக்கு ராமிப்ரில் சாப்பிட்டுக்கிட்டு இருந்தாங்க. மூணு மாசமா வறட்டு இருமல், ராத்திரி படுத்தா போதும், தொண்டையில முடி சிக்கின மாதிரி. மூலிகைதானே, என்ன ஆகிடப் போகுதுன்னு தினம் ரெண்டு வேளை அதிமதுரக் கஷாயம் வச்சுக் கொடுத்தேன். ஒரு மாசம் போயிருக்கும். 130-ல இருந்த பிரஷர் 160-க்கு ஏறிடுச்சு, காலும் லேசா வீங்கிடுச்சு.

டாக்டர் கேட்டதுமே கண்டுபிடிச்சிட்டார். அதிமதுரத்துல இருக்கிற கிளிசிரைசின் உடம்புல உப்பையும் தண்ணியையும் தேக்கி, பொட்டாசியத்தைக் குறைச்சிடுமாம். அதைவிடக் கொடுமை, அந்த இருமலே ராமிப்ரிலால வந்திருக்கலாம்னார்! மாத்திரையோட பக்கவிளைவுக்கு, பிரஷரை ஏத்துற மருந்தை என் கையாலேயே கொடுத்திருக்கேன்.

இப்போ டெல்மிசார்டன் மாத்திக் கொடுத்திருக்கார். பத்து நாளாச்சு. பிரஷர் இறங்கிடுச்சு, இருமல் மட்டும் பாதிதான் குறைஞ்சிருக்கு. சில வாரம் ஆகலாம்னு சொல்லியிருக்கார்.

இதே மாதிரி மாத்திரை மாத்தினவங்க இருக்கீங்களா? இருமல் முழுசா நிற்க உங்களுக்கு எத்தனை நாள் ஆச்சு? கிளிசிரைசின் நீக்கின அதிமதுரம் விக்குதாமே, பிரஷர் இருக்கிறவங்க யாராவது டாக்டரைக் கேட்டுட்டு எடுத்தீங்களா? அம்மா ஆஸ்பிரினும் சாப்பிடறாங்க, அதோட இஞ்சி, மஞ்சள் அதிகமா சேர்ந்தா ரத்தக்கசிவு வரலாம்னு பயம், அதனால "இஞ்சி, மஞ்சளை நிறையக் கொடுங்க"ன்னு மட்டும் தயவுசெஞ்சு சொல்லாதீங்க. வெந்நீர்ல தேன் கலந்து கொடுக்கிறேன், சர்க்கரை நோய் இல்லை.