அனுபவமுள்ள அறைப் பணியாளர்களுக்கு வகுப்புக்குப் போகாமல் என்.வி.கியூ. (இலங்கையின் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ்) எடுக்கலாமா?

கடற்கரை_விடுதி:
நிலாவெளியில் 12 அறை விடுதி. அறைப் பராமரிப்பில் நான்கு பேர், எல்லோரும் ஐந்து வருடத்துக்கு மேல் வேலை செய்பவர்கள். சான்றிதழ் ஒன்றுமில்லை. மாதக்கணக்கில் வகுப்புக்கு அனுப்ப ஆளில்லை. என்ன வழி?

துவாய்மடிப்பு:
முன்கற்றலை அங்கீகரிக்கும் முறை, அதாவது வேலையிலேயே கற்றதை மதிப்பிட்டுச் சான்றிதழ் தரும் முறை, அதற்குத்தான் இருக்கிறது. நைட்டாவின் (அரசின் தொழிற்பயிற்சி அதிகாரசபை) மாவட்ட அலுவலகத்தில் கேளுங்கள். தமிழில் மதிப்பிடுபவர் வேண்டுமென்று விண்ணப்பிக்கும்போதே சொல்லிவிடுங்கள். சேவைக் கடிதத்தில் "அறைப் பணியாளர்" என்று மட்டும் எழுதினால் போதாது. கட்டில் விரிப்பது, குளியலறை கழுவுவது, மினிபார் சரிபார்ப்பது, தவறவிட்ட பொருளைப் பதிவது என்று ஒவ்வொரு வேலையையும் எழுதுங்கள். வேலை செய்யும்போது எடுத்த படங்களையும் அறைப் பதிவேட்டுப் பக்கங்களையும் சேருங்கள்.

நான்கு பேருக்கும் மட்டம் 4 கேட்க வேண்டாம். மேற்பார்வை இல்லாமல் தானே முடிவெடுத்து வேலை செய்பவருக்குத்தான் அது. மற்றவர்களுக்கு 3 சரி.

மேற்பார்வை:
அனுபவசாலிகள் தடுக்கி விழுவது கையில் அல்ல, "ஏன்?" என்ற கேள்வியில். கழிப்பறைத் துணியையும் முகம் கழுவும் தொட்டித் துணியையும் ஏன் வேறு நிறத்தில் வைக்கிறோம்? பிளீச்சையும் அமிலம் கலந்த கழுவியையும் ஏன் சேர்க்கக் கூடாது? (குளோரின் வாயு வரும். சிறிய குளியலறையில் மூச்சே முட்டிவிடும்.) தூசியை ஏன் மேலிருந்து கீழாகத் தட்ட வேண்டும், தரையை ஏன் கடைசியில், உள்ளிருந்து வாசலை நோக்கித் துடைக்க வேண்டும்? தினம் ஒரு கேள்வி, வேலை நடக்கும் அறையிலேயே கேளுங்கள். இரண்டு மாதத்தில் வாயில் வந்துவிடும்.

இன்னொன்று: அழுக்கு விரிப்பைத் தரையில் போடும் பழக்கம். மதிப்பிடுபவர் முன்னாலும் கை தானாகப் போட்டுவிடும். தள்ளுவண்டியில் பை கட்டாத விடுதிகளில்தான் இது வருகிறது, ஆகவே முதலில் பையைக் கட்டுங்கள். விரிப்புக் கையிருப்பும் தேவை: கட்டிலில் ஒரு தொகுதி, சலவையில் ஒன்று, அலுமாரியில் ஒன்று. இரட்டைக் கட்டிலுக்கு இரண்டு விரிப்பு என்றால் 12 அறைக்கு 72.

கடற்கரை_விடுதி:
நன்றி. ஒருவருக்கு வாசிக்கத் தெரியாது. தேறாவிட்டால் எல்லாம் வீணா?

துவாய்மடிப்பு:
இல்லை. தேறிய அலகுகளுக்குப் பதிவு கிடைக்கும், மீதியைப் பிறகு முடிக்கலாம். வாசிக்கத் தெரியாததை முன்கூட்டியே சொல்லி, கேள்விகளை வாய்மொழியாகக் கேட்கும்படி வேண்டுங்கள். அவருடைய கழுவிப் போத்தல்களில் நிற நாடா ஒட்டுங்கள், அது எல்லோருக்கும் பயன்படும்.

மேற்பார்வை:
மதிப்பீட்டுத் திகதியையும் யோசியுங்கள். மே முதல் செப்டெம்பர் வரை உங்களுக்கு மூச்சுவிட நேரமிராது. மாரியில் நேரம் இருக்கும், ஆனால் அறைகள் வெறுமையாக, சுத்தமாகக் கிடக்கும், செய்துகாட்ட ஒன்றுமிராது. மதிப்பீட்டுக்கு முந்திய இரவு இரண்டு அறைகளில் ஆட்களைத் தங்க வையுங்கள். ஈரத் துவாய், கலைந்த கட்டில், நிறைந்த குப்பைக் கூடை, கட்டிலடியில் மறந்த சார்ஜர் எல்லாம் அப்படியே இருக்கட்டும்.