கையில் பணம் குறைவு: லாரி பேக்கர் முறையில் வீடு கட்டலாமா?

கேள்வி: மார்த்தாண்டத்துப் பெண்

எனக்கு மூன்று சென்ட் மனை இருக்கிறது. கையில் உள்ள பணத்துக்கு இப்போது ஓர் அறை, சமையலறை, குளியலறை மட்டும்தான் கட்ட முடியும். மகள் வளர்ந்ததும் இன்னோர் அறை சேர்க்க வேண்டும். கேரளத்தில் சிக்கனக் கட்டடங்களுக்குப் பெயர்பெற்ற கட்டடக் கலைஞர் லாரி பேக்கரின் பாணியில், பூச்சு இல்லாமல் கட்டினால் செலவு குறையும் என்கிறார்கள். "பூசாத வீட்டைப் பாதியில் நின்றுபோன வீடு என்று ஊர் பேசும்" என்று அம்மா தடுக்கிறார். கட்டியவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1: நாகர்கோவில் கொத்தனார்

சகோதரி, இருபத்தாறு ஆண்டுகளாகக் கரணை பிடிக்கிறேன். தாராளமாகக் கட்டலாம். அம்மாவை ஒருநாள் திருவனந்தபுரத்துக்கு அழைத்துப் போங்கள். தம்பானூரில் பேக்கர் கட்டிய இந்தியன் காபி ஹவுஸ் இருக்கிறது. உள்ளே படியே கிடையாது. சுழன்று ஏறும் சரிவிலேயே மேசையும் இருக்கையும் கட்டடத்தோடு சேர்த்துக் கட்டப்பட்டிருக்கின்றன. ஜன்னலுக்குப் பதில் சுவரில் ஓட்டைகள்; மரமும் கண்ணாடியும் மிச்சம், காற்றும் வெளிச்சமும் வருகின்றன. அதே நகரில் உள்ளூர் என்ற பகுதியில் அவர் கட்டிய வளர்ச்சி ஆய்வு மையத்தையும் காட்டுங்கள். சிமென்ட் அரசுக் கட்டுப்பாட்டில் இருந்த 1970களில் எழுந்தது அந்த மையம். பூசாத அந்தச் சுவர்களைப் பார்த்து யாரும் பாதி வீடு என்று சொல்ல மாட்டார்கள்.

உங்களுக்கு ஏற்றது எலிப்பொறிக் கட்டு. செங்கல்லைப் படுக்க வைக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி, இரு வரிசைக்கும் நடுவே வெற்றிடம் விட்டு, இடையிடையே குறுக்கே ஒரு கல் வைப்போம். சுவர் அதே ஒன்பது அங்குலம். கல் ஏறத்தாழ கால் பங்கு குறையும். நடுவில் நிற்கும் காற்று வெயிலையும் தடுக்கும்.

கூரைத் தளத்துக்குப் பழைய மங்களூர் ஓடு வாங்குங்கள். தளத்தின் கீழ்ப்பகுதியில் இழுவிசையைத் தாங்குவது கம்பிதான். அங்கே கான்கிரீட்டின் பெரும்பகுதி வெறுமனே இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது. அந்த இடத்தில் ஓடுகளை வைத்தால் அவ்வளவு கான்கிரீட் மிச்சம். ஓடுகளை நன்றாக நனைத்துத்தான் வைக்க வேண்டும். உலர்ந்த ஓடு கலவையின் தண்ணீரை உறிஞ்சிவிடும். இதில் அவசரப்பட்டவர்களின் தளத்தை நான் பார்த்திருக்கிறேன்.

பின்னால் அறை வரப்போகும் பக்கத்தில், சுவர் முனையில் ஒன்றுவிட்டு ஒரு வரிசைக் கல்லை நீட்டி விடச் சொல்லுங்கள். புதுச் சுவர் அதைக் கவ்விக்கொள்ளும். அஸ்திவாரத்தையும் இப்போதே அதுவரை போட்டுவிடுங்கள்.

பதில் 2: திருநெல்வேலியிலிருந்து

ஆசையாகத் தொடங்கி அவதிப்பட்டவன் நான். சூளையிலிருந்து வந்த கல்லில் ஒன்று எட்டே முக்கால் அங்குலம், அடுத்தது ஒன்பதே கால். கோணல் கல்லில் எலிப்பொறிக் கட்டு நேராக வராது. பொறுக்கி எடுக்கவே தனிக்கூலி கொடுத்தேன். மிச்சம் பிடித்ததில் பாதி அதில் போய்விட்டது. ஆனாலும் சித்திரை வெயிலில் அந்த அறையில்தான் வீட்டில் எல்லோரும் படுக்கிறோம்.

பதில் 3: கட்டடப் பொறியாளர்

மின்குழாய் எங்கே போகும் என்பதைச் சுவர் எழும்பும் முன்பே வரைந்துவிடுங்கள். பிறகு வெட்டினால் சுவர் பலவீனமாகும். உங்கள் பக்கம் தென்மேற்குப் பருவமழை சாய்ந்து அடிக்கும். கூரையை இரண்டடி வெளியே நீட்டுங்கள், பூசாத சுவர் பிழைக்கும். மூலைகளிலும் கதவு நிலையின் இருபுறமும் வெற்றிடம் விடாமல் கட்டச் சொல்லுங்கள்.

மார்த்தாண்டத்துப் பெண்

எல்லோருக்கும் நன்றி. நாளை அளவுகோலோடு சூளைக்குப் போகிறேன். கொத்தனார் அண்ணா, பழைய ஓடு வாங்கும்போது விரிசலை எப்படிக் கண்டுபிடிப்பது?

நாகர்கோவில் கொத்தனார்

விரலால் சுண்டிப் பாருங்கள் சகோதரி. கணீரென்று கேட்டால் எடுங்கள். சத்தம் அமுங்கினால் ஒதுக்கிவிடுங்கள்.