ஆர்விஜி (பல்லுக்கு எடுக்கிற டிஜிட்டல் எக்ஸ்ரே) படம் பாக்குறவங்களுக்குக் கருப்பாத் தெரியுது. ஞாயிறு செமினார், அவசரம்

கீழக்கரை_பல்: கிளினிக் டெக்னாலஜி பத்தி ஞாயித்துக்கிழமை ஆன்லைன் கேள்வி-பதில் வச்சிருக்கோம். ட்ரையல்ல எக்ஸ்ரே எங்களுக்குத் தெரியுது, சேந்தவங்களுக்குக் கருப்பு. எக்கோ வேற. சீக்கிரம் சொல்லுங்க.

பாம்பன்_ரூட்டர்: எதுல நடத்துறீங்க? லேப்டாப்பா, டெஸ்க்டாப்பா? திரை முழுக்கக் கருப்பா, படம் வர்ற கட்டம் மட்டுமா?

தொண்டி_யுபிஎஸ்: நெட்தான் சார். மொபைல் ஹாட்ஸ்பாட்ல அப்லோடு சாயங்காலம் படுத்துரும். ரூட்டர்ல இருந்து கேபிள் இழுத்துச் சொருகுங்க.

மண்டபம்_சர்வீஸ்: உப்புக் காத்து. வாயில வைக்கிற எக்ஸ்ரே சென்சாரோட யூஎஸ்பி முனையைப் பாருங்க, பச்சை பூத்திருக்கும். ஐசோப்ரோபைல் ஆல்கஹாலைப் பஞ்சுல தொட்டுத் துடைச்சு, நல்லாக் காஞ்சப்புறம் சொருகுங்க.

சீனியர்_ராம்நாடு: முனை போயிருந்தா அவர் திரையிலயே படம் வராதே! கேள்வியை முழுசாப் படிச்சிட்டுப் பதில் போடுங்கப்பா. டாக்டரும் சென்சார் வாங்குற அன்னைக்கே கம்ப்யூட்டரையும் கொஞ்சம் கத்துக்கிட்டா இந்தத் தலைவலி வராது.

கீழக்கரை_பல்: ஜூம். லேப்டாப். மெனு, பட்டன் எல்லாம் தெரியுது, படம் இருக்கிற கட்டம் மட்டும் கருப்பு. ஒரு பேஷன்டுக்கு லைவா எடுத்துக் காட்டலாம்னு இருக்கோம்.

பாம்பன்_ரூட்டர்: அப்ப நெட் இல்ல. நெட் மோசம்னா படம் மங்கும், நிக்கும். மெனுவை விட்டுட்டுப் படம் மட்டும் கருக்காது. லேப்டாப்ல ரெண்டு கிராபிக்ஸ் சிப் இருக்கும். ஆர்விஜி சாப்ட்வேர் ஒண்ணுல ஓடுது, ஜூம் இன்னொண்ணுல.

விண்டோஸ் செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, கிராபிக்ஸ் போங்க. ஜூம், ஆர்விஜி ரெண்டையும் சேத்து ரெண்டுக்கும் 'பவர் சேவிங்' வைங்க. ஜூம் ஃபைல் பல மெஷின்ல ஆப்டேட்டா ஃபோல்டருக்குள்ள ஒளிஞ்சிருக்கும். வியூவுல 'ஹிட்டன் ஐட்டம்ஸ்' டிக் போட்டாத்தான் கண்ணுல படும். ரெண்டையும் மூடித் திறங்க, இல்லாட்டி மாறாது.

ஷேர் பண்றப்ப அந்த ஒரு விண்டோவை மட்டும் குடுக்காதீங்க, முழு ஸ்கிரீனையும் குடுங்க. எக்ஸ்ரே எடுக்கிற கட்டம் தனி விண்டோவாத் திறந்தா மத்தவங்களுக்குப் போகாது.

ஏர்வாடி_டென்டல்: காக்கா, லைவா வேணாம். டெமோவுக்காக ஆளுக்கு எக்ஸ்ரே அடிக்கக் கூடாது.

தொண்டி_யுபிஎஸ்: ஒரு பல் எக்ஸ்ரே டோஸ் எவ்வளவு சார்? ஒண்ணுமில்ல.

ஏர்வாடி_டென்டல்: டோஸ் கம்மிங்கிறது வேற, எடுக்கக் காரணம் வேணுங்கிறது வேற. ஏஇஆர்பி (அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம்) கேக்குறது ரெண்டாவதை. அந்த ஆளுக்கு அன்னைக்கு எக்ஸ்ரே தேவைன்னா எடுங்க, கூட்டத்துக்காக எடுக்காதீங்க.

தொண்டி_யுபிஎஸ்: அப்ப காலேஜ்ல எப்படிச் சொல்லிக் குடுக்குறாங்களாம்?

ஏர்வாடி_டென்டல்: பிடுங்கின பல்லை வச்சு. கிருமி நீக்கி மெழுகுக் கட்டியில பதிச்சு, சென்சாரை அடியில வைங்க. சுத்தி சதை இல்ல, வழக்கமான நேரம் வச்சாப் படம் எரிஞ்சு கருத்துரும். அதுல பாதி நேரத்துல ஆரம்பிங்க. எல்லாரும் ரெண்டு மீட்டர் தள்ளி நில்லுங்க. ரூட் கெனால் காட்டுறதா இருந்தா 15ஆம் நம்பர் ஃபைல் (பல் வேருக்குள்ள விடுற மெல்லிய கம்பி) போடுங்க. 8, 10 நம்பர் ஃபைலோட முனை சென்சார்லயே மங்கல், ஜூம் அமுக்கி அனுப்புனப்புறம் சுத்தமாத் தெரியாது. பழைய படம் காட்டுனா மூலையில இருக்கிற பேஷன்ட் பேரை மறைங்க.

சீனியர்_ராம்நாடு: இலவசக் கணக்குன்னா 40 நிமிஷத்துல கட் ஆயிரும். அதாவது தெரியுமா?

மண்டபம்_சர்வீஸ்: எதுக்கும் முனையைத் துடைச்சிருங்க. வெப்கேம், மைக், சென்சார் மூணையும் தனிக் கரண்ட் இல்லாத ஒரே யூஎஸ்பி ஹப்புல மாட்டாதீங்க. சென்சார் நேரா லேப்டாப்புக்கு.

பாம்பன்_ரூட்டர்: எக்கோ: அதே ரூம்ல இன்னொரு போனோ லேப்டாப்போ ஆடியோவோட சேந்திருக்கும். மியூட் மட்டும் போதாது, அதோட ஸ்பீக்கர் உங்க மைக்குக்குள்ள போகும். அதை ஆடியோ இல்லாமச் சேருங்க. கேள்வியைப் பொறுக்கித் தர ஒரு ஆளை வைங்க, வேற ரூம்ல.

கீழக்கரை_பல்: படம் வந்துருச்சு. எக்கோவும் இல்ல. பல் வச்சே காட்டுறோம். நன்றி.

தங்கச்சிமடம்_லேப்: எனக்கும் இதே கருப்புதான். பவர் சேவிங்ல சரியாச்சா, முழு ஸ்கிரீன் குடுத்ததுலயா?

தங்கச்சிமடம்_லேப்: டாக்டர்?

மண்டபம்_சர்வீஸ்: முனையைத் துடைச்சீங்களா?