புதுப்பிப்பு: வேலைக்கு நடுவே தினமும் ஸ்கெட்ச் போடுவது

அலுவலகம், சமையல், பிள்ளையின் வீட்டுப்பாடம் இவற்றுக்கு நடுவே தினமும் வரைய நேரம் பிடிப்பது எப்படி என்று இங்கே கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி.

விடியற்காலையில் எழுந்து வரைவது எனக்குச் சரிப்படவில்லை. கைகொடுத்தது, "எப்படியும் காத்திருக்கும் இடத்திலேயே வரையுங்கள்" என்று ஒருவர் சொன்னதுதான். எனக்கு அந்த இடம் தாம்பரம்–கடற்கரை மின்சார ரயில். ஏ6 நோட்டும் பால்பாயின்ட் பேனாவும் இப்போது சாப்பாட்டுப் பையின் வெளி அறையிலேயே கிடக்கின்றன.

வண்டி ஓடும்போது கோடு நடுங்கும். அதனால் நிலையத்தில் நிற்கும்போது உருவத்தின் வெளிக்கோடு, ஓடும்போது நிழலுக்கான கீறல்கள். தூங்குகிறவர்கள்தான் நல்ல மாடல். என்ன, பரங்கிமலை வந்ததும் மெட்ரோ பிடிக்க எழுந்து போய்விடுவார்கள். நோட்டு முழுக்கப் பாதி மனிதர்கள்!

பென்சிலை விடச் சொன்னவருக்குத் தனி நன்றி. 2பி பென்சில் எதிர்ப்பக்கமெல்லாம் ஈஷிக்கொண்டது. பால்பாயின்ட் மை எண்ணெய் சார்ந்தது என்பதால் வியர்வைக் கைக்கும் அவ்வளவாகக் கலையவில்லை. லேசாக அழுத்தினால் பென்சில் போலவே வெளிர்கோடும் வருகிறது.

எதிர்பாராதது ஒன்று: ரயில் இல்லாத விடுமுறை நாட்களில் பழக்கம் அறுந்துபோனது. அப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் குக்கர் விசில் வரும்வரை கையில் கிடைக்கும் காயை வரைகிறேன். கத்திரிக்காய் சுலபம். பாகற்காய்க்கு ஒரு விசில் போதவில்லை.