சுண்ணாம்புச் சுவரை வெட்டாமல் வயரிங் மாற்ற முடியுமா?

கானாடுகாத்தானில் எங்கள் பூர்வீக வீடு. மூன்று கட்டு, உத்தரமெல்லாம் பர்மா தேக்கு. ஆத்தாவும் அப்பச்சியும் மட்டும்தான் இருக்கிறார்கள்.

மூன்று வாரமாக இரண்டாங்கட்டு சுவிட்ச் போர்டில் கருகல் வாடை. கிரைண்டரும் 2000 வாட் ஹீட்டரும் சேர்ந்து ஓடும்போது வருகிறது, நிறுத்தினால் போய்விடுகிறது. மெயினை அணைத்துவிட்டுப் போர்டைக் கழற்றினேன். பழைய ரப்பர் உறை வயர், விரல் பட்டதும் முறுக்கு மாதிரி நொறுங்கி உதிர்ந்தது. பின்னால் மரப்பலகையில் ஐந்து ரூபாய் நாணயம் அகலத்துக்குக் கரி.

சுவிட்ச், பிளக் எல்லாம் புதிதாகப் போட்டாச்சு. கரண்ட் அளவுக்கு மீறினால் தானாக அணையும் 16 ஆம்பியர் எம்சிபி, கரண்ட் கசிந்தால் அணையும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இரண்டும் வைத்தோம். ஒருமுறைகூட விழவில்லை, வாடையும் நிற்கவில்லை. லூஸ் இணைப்பில் ஏறும் சூட்டை அவை பிடிக்காது என்று அப்புறம்தான் தெரிந்தது. இப்போதைக்கு அந்த லைனையே துண்டித்து வைத்திருக்கிறேன். தீயணைப்பான் ஒன்று வாங்கி மாட்டினேன். ஆத்தாவால் அதைத் தூக்கவே முடியவில்லை, அது தனிக் கதை. அப்பச்சியோ, "இத்தனை வருஷம் ஒன்னும் ஆகலையே" என்கிறார்.

வந்து பார்த்த இரண்டு எலெக்ட்ரீசியன்களும் சுவரை வெட்டித்தான் பைப் பதிக்க வேண்டும் என்கிறார்கள். முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த, கண்ணாடி மாதிரி மின்னும் சுண்ணாம்புப் பூச்சு. ஒரு தடவை வெட்டினால் ஒட்டுப்போட்டது காலத்துக்கும் தெரியும்.

காரைக்குடி வட்டாரத்தில் இப்படிப்பட்ட வீட்டில் சுவரை வெட்டாமல் முழு வயரிங்கையும் மாற்றியவர்கள், எந்த முறையில் செய்தீர்கள்?