தாத்தா வழியில அயர்லாந்து குடியுரிமை: விசா முடிய நாலு மாசம்தான், யாராவது சொல்லுங்க

குன்னூர்க்காரி: டப்ளின்ல மாஸ்டர்ஸ் முடிச்சு ஸ்டாம்ப் 1ஜி-ல (படிச்சு முடிச்சவங்க வேலை தேடத் தர்ற தங்க அனுமதி) இருக்கேன். நாலு மாசத்துல முடியுது, வேலை அமையல. ராத்திரி தூக்கமே வரல. அம்மாவோட அப்பா அயர்லாந்துக்காரர், குன்னூர்ல எஸ்டேட் பார்த்தவர். அவர் வழியா அப்ளை பண்ணா இங்கேயே இருந்துடலாமா?

கோத்தகிரி: தங்கச்சி, முதல்ல வாடகையைக் குறைக்கப் பாரு. நான் வந்த புதுசுல ஒரே ரூம்ல நாலு பேர். ஊட்டிக் குளிர் பார்த்தவனுக்கு இது என்னன்னு நெனச்சேன். நம்ம ஊர்ல உறைபனி விழுந்தாலும் எட்டு மணிக்கு வெயில் வந்துடும். இங்க ஈரக் காத்து, துணியே காயாது.

கூடலூர்: வக்கீல் வெச்சுடும்மா. நாமளா போட்டா மனுவைத் திருப்பி அனுப்பிடுவாங்க.

அரவங்காடு: வக்கீல் எதுக்கு? என் வீட்டுக்காரர் தானே போட்டார். வெளிநாட்டுப் பிறப்புப் பதிவேடுன்னு (Foreign Births Register) ஒண்ணு இருக்கு, அதுல பதிஞ்சாதான் குடியுரிமை. கட்டணம் பெரியவங்களுக்கு 278 யூரோ. ஆனா கிடைச்சதும் இந்தியக் குடியுரிமை போயிடும், பாஸ்போர்ட்டை ஒப்படைக்கணும்.

கூடலூர்: அதுதான் மனசு ஆறல. ஓட்டு போச்சு, விவசாய நிலம் வாங்க முடியாது. சொந்த ஊருக்கு ஓசிஐ அட்டையோட (வெளிநாட்டுக் குடிமகன் ஆன இந்திய வம்சாவளிக்காரங்களுக்குத் தர்ற அட்டை) போகணும்.

லவ்டேல்: கேட்டதுக்கு வருவோம். தாத்தா எங்க பிறந்தார்னு நீ சொல்லவே இல்லையேம்மா. அயர்லாந்துத் தீவுல பிறந்திருந்தா வழி இருக்கு, வட அயர்லாந்தும் சேர்த்திதான். நம்ம நீலகிரி வெலிங்டன்லயோ குன்னூர்லயோ பிறந்து, அவரோட அப்பாதான் அங்கேர்ந்து வந்தவர்னா, நீ பிறக்கறதுக்கு முன்னாடியே உங்கம்மா அந்தப் பதிவேட்டுல பதிஞ்சிருக்கணும்.

தாத்தா கல்யாணம் நடந்த சர்ச் பதிவேட்டைப் பார்க்கச் சொல்லு. வயசும் தகப்பனார் பேரும் இருக்கும். அயர்லாந்துல பிறப்புப் பதிவு 1864-லேர்ந்து இருக்கு. நூறு வருஷத்துக்கு முந்தினதை ஆன்லைன்ல இலவசமாப் பார்க்கலாம்.

அம்மாவோட பிறப்புச் சான்றிதழையும் இப்பவே எடுத்துப் பாரு. எங்கம்மாவோடதுல பேரே இல்ல, ‘பெண்’னு மட்டும் இருந்துச்சு. நகராட்சிக்கு நடந்து நடந்து பேர் சேர்த்தோம். இனிஷியல் ஒண்ணுல முன்னாடி, ஒண்ணுல விரிச்சு எழுதியிருந்தா அதையும் சரிபண்ணணும்.

முக்கியமா, மனு போட்டதனால தங்க அனுமதி கிடைக்காது. பதிவாக மாசக்கணக்குல ஆகும். வேலை தேடறதை விட்டுடாதே.

குன்னூர்க்காரி: அம்மாகிட்ட பேசினேன் அக்கா. கல்யாணப் பதிவு நகல் டிரங்குப் பெட்டியில இருக்கு. 1958, வயசு 38. தகப்பனார் பேரும் இருக்கு. பிறந்த ஊர் மட்டும் இல்ல.

லவ்டேல்: 1919, 1920 ரெண்டுலயும் தேடு. பேரோட எழுத்து மாறியிருக்கும், தகப்பனார் பேரை வெச்சு ஒத்துப்பாரு.